மருந்து வைத்தது

கல்மண்டபம், ராயபுரம்
3-8-1931

கன்னியம்மாவுக்கு வரதன் எழுதிக்கொண்டது.

இங்கே அம்மாவும் நானும் சுகம். நீ கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாய், சரி. உன் பூனையை ஏன் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்? கறுப்பி ஏதோ கடுவனோடு சண்டை போட்டு முன்காலில் கடி வாங்கி வந்திருக்கிறது. காயம் சின்னதுதான். கிட்டே போனால் சீறுகிறது, உன்னைப் போலவே. கிடங்கிலிருந்து பினாயில் கொண்டுவந்திருக்கிறேன், ஊற்றிக் கழுவலாமென்று இருக்கிறேன். பிறகு என்னைக் குறை சொல்லாதே.

வரதன்

திருவொற்றியூர்
4-8-1931

கறுப்பியை வளர்த்தவள் எழுதுவது.

கார்டில் எழுதினீர்கள். தபால்காரர் வாசலிலேயே, "இன்னாம்மா, பூனைக்கு கால் எப்டி கீது?" என்று கேட்கிறார். இனி கவரில் எழுதுங்கள்.

பினாயிலைத் தொடாதீர்கள். பூனை காயத்தை நக்கும், அந்த விஷம் வயிற்றுக்குள் போகும். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொஞ்சம் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் சுத்தமான துணியில் நனைத்துத் துடையுங்கள். அதற்குமுன் பூனையைத் துண்டில் சுற்றிப் பிடியுங்கள். காயத்தைச் சுற்றி மயிரைக் கத்தரியுங்கள். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம், மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். ஆறும்வரை வெளியே விடாதீர்கள். வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, தின்ன மறுத்தாலோ வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நான் வரமாட்டேன். "சோத்துல மருந்து வச்சி எம்புள்ளைய மயக்கிட்டா" என்று உங்கள் அம்மா குழாயடியில் நின்று கத்தினார்களே, அப்போது நீங்கள் பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தீர்கள்.

கன்னியம்மா

கல்மண்டபம்
7-8-1931

மறுபடியும் கார்டுதான். பூனைக்கு மருந்து வைத்தாயிற்று. இனி அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம். வேறு விசேஷம் இல்லை.

வரதன்

திருவொற்றியூர்
8-8-1931

பாவி மனிதருக்கு,

எலிக்கு வைப்பதைப் போல என் கறுப்பிக்கு மருந்து வைத்துவிட்டு, வேறு விசேஷம் இல்லை என்று கார்டு போடுகிறீர்களா? படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே புதைத்தீர்கள் என்றாவது எழுதுங்கள். அண்ணன் நேரில் வந்து கேட்கிறேன் என்று குதிக்கிறார்.

கன்னியம்மா

கல்மண்டபம்
11-8-1931

கன்னியம்மாவுக்கு,

கறுப்பி உயிரோடுதான் இருக்கிறது. இதை எழுதும்போது என் மடியில் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. மருந்து வைத்தேன் என்றால் காயத்தில் வைத்தேன். நீ சொன்ன உப்புத்தண்ணீர்தான் மருந்து. உன் பேச்சைக் கேட்டுச் செய்தேன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் கையெல்லாம் கீறல். பூனைக்கு வீக்கம் இல்லை, நெத்திலி தின்கிறது.

உன் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். கிடங்கில், "இன்னா நைனா, பூனைக்கு மருந்து வச்சிட்டியாமே" என்று சிரிக்கிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்று நாலு பேர் எதிரில் சொன்னால் எப்படி எரியும் என்று உனக்குத் தெரியுமா? நான் ஒவ்வொருவனையும் நிறுத்தி இல்லை என்று சொல்லிவிட்டேன். நீயும் அங்கே எல்லோரிடமும் சொல்.

வரதன்

திருவொற்றியூர்
12-8-1931

வரதன் அவர்களுக்கு,

தெரியும்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தபால்காரரிடமும் சொன்னேன், அதனால் ஊருக்கே தெரிந்துவிடும். உங்கள் மேல் இனி பழி இல்லை.

உங்களுக்கு ஒரு பழி வந்ததும் கிடங்கில் ஒவ்வொருவனையும் நிறுத்திப் பேசியிருக்கிறீர்கள். அதே பழி என்மேல் விழுந்தபோது குழாயடியில் உங்களுக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

கறுப்பிக்குப் பார்த்தது பெரிய உபகாரம், மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூடையோடு வருவார். அந்தக் காலில் அழுத்தாமல் தூக்கி வையுங்கள். நீங்கள் கூட வர வேண்டாம்.

கன்னியம்மா