இன்னும் ஆயிரம் அடி

இர்பித்,
9 செப்டம்பர் 2012

கெய்ரோ போய்ச் சேர்ந்த மகாராணி அரீஜுக்கு,

இங்கு நலமில்லை. அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே இருவரும் கத்துகிறோம். "எழுதித் தொலைங்க, எழுதுறப்ப யாரும் கத்த முடியாது" என்று அம்மா சொல்லிவிட்டாள். முடியும் என்று காட்டுகிறேன்.

ஒரே விமானப் பயிற்சிப் பள்ளி, ஒரே லைசென்ஸ். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. சின்ன விமானத்திலிருந்து ஏர்லைன் விமானத்துக்கு மாறுகிற பயிற்சியாம், கையிலிருந்து பணம் கட்டிப் படிக்க வேண்டுமாம். அப்பா அஜ்லூனில் இருக்கிற நம் ஒலிவத் தோப்பை விற்றால் ஒருவருக்குத்தான் வரும். மூத்தவன் நான். ஆனால் அவர் நம் ஆசிரியர் கேப்டன் இயாதிடம் போய் யோசனை கேட்டார். அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "பையனுக்கு ஓட்டுற கை இருக்கு, பொண்ணுக்குச் சொன்னதக் கேட்டுக்குற காது இருக்கு. ஒருத்தரத்தான் அனுப்ப முடியும்னா பொண்ண அனுப்புங்க." அப்பாவும் தோப்பை விற்று உன்னை அனுப்பிவிட்டார். காதை வைத்துக்கொண்டு விமானத்தை இறக்குவாயா? பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் நான் இறக்கும்போது மொத்தப் பள்ளியும் வெளியே வந்து பார்க்கும். நீ இறக்கினால் எல்லோரும் பத்திரமாக இறங்கத் துஆ ஓதுவார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது, அரீஜ். மறைக்கத் தெரியவில்லை. சித்தப்பா மகன் போன் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவனெல்லாம், "கேப்டன், இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் மாத்திக் குடு" என்கிறான்.

எரிச்சலுடன்,
வஸ்ஃபி

*

கெய்ரோ,
22 செப்டம்பர் 2012

என் செல்லச் சண்டைக்கார அண்ணனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அழுதேன், இரண்டாம் முறை சிரித்தேன். துஆ ஓதுவது உண்மைதான். நீ இறக்குவதைப் பார்த்து எனக்கு எத்தனை நாள் வயிறு எரிந்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது. பொறாமை உன் ஒருவன் சொத்து இல்லை.

இங்கே என்ன நடக்கிறது என்று சொன்னால் கோபப்படுவாய். முதல் வாரம், நிஜ விமானம் போலவே ஆடும் சிமுலேட்டரைக் கண்ணால்கூடக் காட்டவில்லை. விமானி அறையின் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே இரண்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இறங்க வேண்டிய உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் "இன்னும் ஆயிரம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுபவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

எனக்கு ஜோடி ஷெனூதா என்ற பையன். தப்புப் பண்ணிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பான். நான் பேசாமல் அவன் வேலையையும் சேர்த்து என் கையாலேயே செய்துவிடுவேன். தனியாகப் பறந்த பழக்கம். அதற்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "தப்புப் பண்ணினவன திருத்திடலாம்மா. பாத்துட்டுப் பேசாம இருக்கிறவன என்ன பண்றது?" என்றார் ஆசிரியர்.

இதை முடித்தால் வேலை நிச்சயமா என்று கேட்காதே. போன முறை படித்தவர்களில் பாதிப் பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்களாம். தோப்பை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒரு காரியம் செய்வோம். ஈதுப் பெருநாளுக்கு வருகிறேன். சமையலறை நாற்காலி இரண்டைப் போடு. கற்றதையெல்லாம் உனக்குச் சொல்லித் தருகிறேன். ஒரு தோப்பில் இரண்டு பேர் படித்த மாதிரி ஆகும்.

முத்தங்களுடன்,
அரீஜ்

*

இர்பித்,
14 அக்டோபர் 2012

நாற்காலிப் பட்டதாரிக்கு,

இதற்கா தோப்பு போனது? படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதற்கா? அதை நம் தெருவில் பெண்கள் தினமும் சும்மாவே செய்கிறார்கள், தேநீரும் தருகிறார்கள்.

போன வருட எண்ணெய் தீர்ந்துவிட்டது. அம்மா வாழ்க்கையில் முதல் முறையாகக் கடையில் எண்ணெய் வாங்கினாள். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடக் கூடாது என்று டின்னை என் பழைய கோட்டால் மூடி எடுத்து வந்தாள். அப்பா ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்தார், "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அந்தக் கிண்ணத்தைத் தொடவில்லை.

ஒரு செய்தி. அம்மானில் ஏர்லைன் புது விமானிகளைத் தேர்வுக்குக் கூப்பிடுகிறது. பட்டியலில் உன் பெயரும் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. அந்தப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பார்த்தாயா? நீ பணம் கொடுத்து வந்து நிற்கிற வாசலில் நான் சும்மாவே வந்து நிற்கிறேன்.

நாற்காலி போட மாட்டேன். தங்கையிடம் பாடம் கேட்டுப் பைலட் ஆகும் நிலைமை எனக்கு வரவில்லை.

கையுள்ளவன்,
வஸ்ஃபி

*

அம்மான்,
5 டிசம்பர் 2012

அண்ணா,

இதை இர்பித் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முடிவு உனக்கும் வந்திருக்கும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உனக்கு இல்லை. எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஈதுக்கு வந்தேன், நாற்காலியும் போட்டேன். மூன்று நாளும் நீ கடையிலேயே கிடந்தாய். அதை விடு.

தேர்வன்று சிமுலேட்டரில் பெயர் வரிசைப்படி ஜோடி சேர்த்தார்கள். ஒரே குடும்பப் பெயர், நம்மைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். முதலில் நீ ஓட்டினாய். மாஷா அல்லாஹ், வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருந்தது. நடுவில் வேகம் குறைந்தபோது நான் "வேகம்" என்றேன், நீ உடனே சரிசெய்தாய். என் முறை வந்தது. கீழே இறங்கி மூவாயிரம் அடியில் நிற்கச் சொன்னார்கள். எனக்குப் பதற்றம். நிற்க வேண்டிய உயரத்தின் எண்ணைத் தப்பாக வைத்துவிட்டேன். நாலாயிரம் வந்தது. நீ சொல்லவில்லை. மூவாயிரம் போனது. நீ சொல்லவில்லை. நானாகப் பார்த்துத் தூக்கியபோது இரண்டாயிரத்து அறுநூறு.

திரும்பி உன்னைப் பார்த்தேன். உன் கண் உயரமானி மேலேயே இருந்தது. ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தாய். பரிசோதகர் கேட்டபோது "கவனிக்கல சார்" என்றாய்.

இனி சொல்லப்போவதை வேறு யார் வாயிலாகவும் நீ கேட்கக் கூடாது. நீ வெளியே போனதும் அவர் என்னைக் கேட்டார்: "உன் தப்பு புரியுது, அத நீயே திருத்திட்ட. உன் அண்ணன் நெஜமாவே பாக்கலையா?" கவனிக்காதவனுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பார்களாம். பார்த்துவிட்டுப் பேசாதவனுக்குக் கிடையாதாம். அதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். கடைசியில், "பாத்தான்" என்றேன்.

உனக்குப் பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அண்ணா. வேறு வழி தெரியவில்லை.

அரீஜ்

*

இர்பித்,
8 டிசம்பர் 2012

அரீஜ்,

அப்பா தோப்பை விற்று உனக்குக் கற்றுக்கொடுத்தது கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுக்கத்தானா? நல்ல பயிற்சி. போட்ட பணம் வீண் போகவில்லை.

நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் நீ உட்கார்ந்திருந்தாயா?

இனி எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

வஸ்ஃபி

*

அம்மான்,
2 பிப்ரவரி 2013

அண்ணா,

பிரிக்க மாட்டாய் என்று தெரியும். அம்மா கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவள் உனக்குத் தெரிகிற இடத்தில் வைப்பாள்.

பெரிய விமானத்தில் ஏறிவிட்டேன். இறக்குவது இன்னும் தடதடவென்றுதான் இருக்கிறது. போன வாரம் பயணி ஒருவர் இறங்கும்போது, "பாப்பா, ரோடு கொஞ்சம் மோசமோ?" என்று கேட்டார். நீ இருந்திருந்தால் ஒரு வருடம் இதையே சொல்லிச் சிரித்திருப்பாய்.

கேப்டன் இயாதைப் பார்த்தேன். வேறு கம்பெனி கோடையில் ஆள் எடுக்கிறதாம். நீ மனு போடுவாயா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

சமையலறை நாற்காலி இரண்டும் அதே இடத்தில் இருக்கின்றன என்று அம்மா சொன்னாள். அவளுக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். எடுக்கச் சொல்லட்டுமா?

உன் அரீஜ்

*

இர்பித்,
19 ஏப்ரல் 2013

அரீஜ்,

நாற்காலியை எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நீ சீருடையில் நிற்கும் படத்தை அவள் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது. போய்விடும் என்று பார்த்தேன், போகவில்லை. வருகிறவர்களிடம் அப்பா உன் பெயரை ஏழு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். அந்தத் தாழ்த்தல்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன மாதம் ஒரு நாள், ஈதுக்கு நீ கொண்டுவந்த விமானி அறைப் படத்தை நானே சமையலறைச் சுவரில் ஒட்டினேன். இடது நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அப்பா வெள்ளரி விதை கொறித்துக்கொண்டு வந்தார். "நான் என்னடா செய்யணும்?" என்றார். உயரத்தை இறக்கி இறக்கி வாசிக்கச் சொன்னேன், ஆயிரம் அடி இருக்கும்போது சொல்லச் சொன்னேன். மனுஷன் தெருவே கேட்கும்படி கத்துகிறார், "டேய் வஸ்ஃபி, இன்னும் ஆயிரம்டா! தூங்குறியா?" அம்மா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள். இப்போது தினமும் மாலையில் இதுதான். அவருக்குப் பிடித்துப்போய்விட்டது.

நேற்று இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் ஓட்டினார், நான் பார்த்தேன். வேண்டுமென்றே தப்புப் பண்ணிக்கொண்டு இறங்கிக்கொண்டே போனார். நான் சொல்லிவிட்டேன், உடனே. அவர் என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு சுலபமா வருதேடா வாயில," என்றார். எழுந்து போய் விதை எடுத்து வந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அரீஜ். நீ சொல்லியிருக்க மாட்டாய். மகனின் முகம் தெரியாதா?

அந்தப் பயிற்சிக்குத் தோப்பு தகுமா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் தகாது என்றுதான் சொல்வேன். சமையலறையிலேயே கற்றிருக்கலாம், ஈதுக்கு நான் வீட்டில் இருந்திருந்தால்.

கோடைக்கு மனு போட்டிருக்கிறேன். முன் தேர்வில் ஏன் தேறவில்லை என்று எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். உண்மையை எழுதினேன். கூப்பிட மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். பரவாயில்லை. அவர்களுக்கு முன்னால் உனக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் தாமதமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இன்னும் ஆயிரம் அடி, அரீஜ். பார்த்தேன்.

வஸ்ஃபி