டோக்கனில் உங்கள் பெயர்

அன்பு அத்தைக்கு,

நன்றாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதையும் காதில் வாங்காமல், "தூங்குனியா சாமி? எத்தன மணிக்குப் படுத்த?" என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நேற்று பத்து மணிக்குப் படுத்தேன். ஆறு மணிக்கு எழுந்தேன். நோட்டிலும் எழுதிவிட்டேன். போதுமா?

வீட்டில் எல்லோரும் சுகம். குச்சிக்கிழங்கு பிடுங்கியாகிவிட்டது. மாமா மறுபடியும் ரசத்தில் உப்பில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதனால் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மகன் ரிக் வண்டியோடு வடக்கே போர்வெல் போடப் போயிருக்கிறார். பேத்தி உங்கள் பச்சைச் சேலையைத் தலைக்கு வைத்துத்தான் தூங்குகிறாள். துவைக்கவும் விடமாட்டேன் என்கிறாள்.

உங்களிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், அத்தை. நாம் இரண்டு பேரும் ஏழு வருடம் கட்டிக் காத்த ரகசியத்தை உடைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அதுவும் வேண்டுமென்றேதான்.

அந்தத் தையல் பள்ளிக்கூடம் நினைவிருக்கிறதா? ஒரே வாரத்தில் ஆறு தையல் மிஷினுக்குச் சொல்லிவைத்தேன். மல்லசமுத்திரத்தில் வீடு வீடாகப் போய் இருபது பெண்களைச் சேர்த்தேன். பள்ளிக்கூடம் என்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா என்று காம்பவுண்ட் சுவருக்கு நானே மஞ்சள் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தேன். மூன்று நாள் தூக்கமில்லை, களைப்பும் இல்லை. ஊரே உங்களிடம் வந்து, "வந்தா இப்புடி மருமக வரோணும்" என்றது. நீங்களும் பூரித்துத்தான் போனீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள்.

பிறகு அதே மருமகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு மாதம். தலை வாரக்கூடக் கை எழவில்லை. வெளியே சுவர் பாதி மஞ்சளும் பாதி வெள்ளையுமாக நின்றது. கயிறு மந்திரித்துக் கட்டினீர்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டீர்கள். கடைசியில் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள்.

அவர் என்ன செய்கிறது என்று கேட்டார். "எந்திரிக்கவே மாட்டீங்கறாளுங்க, சோறு திங்க மாட்டீங்கறாளுங்க" என்றீர்கள். அதோடு நிறுத்திக்கொண்டோம். தையல் மிஷினையும் தூங்காத மூன்று நாளையும் இருவருமே சொல்லவில்லை. மறைக்கவில்லை, அத்தை, அதுவும் நோய் என்று தோன்றவே இல்லை. மருமகள் ஓயாமல் வேலை செய்கிறாள் என்று நம் பக்கத்தில் எந்த மாமியார் டாக்டரிடம் போய்ப் புகார் சொல்வாள்?

அவரும் கேட்டதற்கு ஏற்ற மாதிரி மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்தேன். நாலாவது வாரம் பறந்தேன். இந்த முறை பெயின்டோடு நிற்கவில்லை. கடைவீதியில் கத்தினேன், தடுக்க வந்த உங்களைப் பிடித்துத் தள்ளினேன். உங்கள் மணிக்கட்டு வீங்கிப்போனது. அதற்கு நான் இன்னும் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த வீங்கிய கையோடு உட்கார்ந்து யோசித்துவிட்டுத்தான் அதைச் சொன்னீர்கள்: "படுத்தத மட்டுஞ் சொன்னோம். பறந்தத சொல்லாம உட்டுட்டமே கண்ணு." எழுத்துக்கூட்டிப் பேருந்துப் பலகை படிக்கிற நீங்கள் என் நோயைப் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மருந்துக்கடைக்காரரிடம், "எனக்குத்தானுங், மனசு ஒரு நெலையில நிக்க மாட்டீங்குது" என்று சொல்லி, சேலத்தில் மனநல டாக்டர் ஒருவரின் போன் நம்பரை வாங்கிவந்தீர்கள். போன் செய்தோம். எடுத்த பெண் பேஷன்ட் பெயர் என்ன என்று கேட்டாள். கண்ணிமைக்காமல் "பாவாயி" என்றீர்கள். போனை வைத்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒறம்பரை பூராவும் சேலத்துக்குத்தான் ஆஸ்பத்திரி வருது. உம்பேரக் கூப்புட்டா, அன்னைக்கே ஜலகண்டாபுரத்துச் சொந்தக்காரங்களுக்குச் சேதி போயிரும். உன்னைய உங்கம்மா ஊட்டுக்கு அனுப்போணும்பாங்க. எம்பேருன்னா, கெழவிக்கு என்னமோன்னு உட்டுருவாங்க."

சேலத்தில் டாக்டரம்மா பாவாயி யார் என்று கேட்டபோது, "பேரு என்னுதுங்க, நோவு இவளுதுங்க" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. மாத்திரைச் சீட்டிலும் ரத்தப் பரிசோதனையிலும் என் பெயரும் என் வயதும்தான் இருக்க வேண்டும் என்று அங்கேயே மாற்றினார். வாசலில் கூப்பிடுகிற டோக்கன் மட்டும் உங்கள் பெயரிலேயே தங்கிவிட்டது. "அது நீங்களா மாத்தறப்ப மாத்திக்கலாம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

இந்த நோய்க்குப் பெயர் பைபோலார், தமிழில் இருமுனைக் கோளாறு என்றார். ஏறுவதும் இறங்குவதும் இரண்டுமே நோய். சர்க்கரை மாதிரி தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மாத்திரையில் சரியாகிவிடவில்லை. முதலாவதில் கை நடுங்கியது. அளவைக் குறைத்தார், கூட ஒன்று சேர்த்தார், அடிக்கடி ரத்தம் பார்த்தார். எனக்குப் பொருந்துகிற அளவு அமைய எட்டு மாதம் ஆனது. நடுவில் எத்தனை முறை "போதும், விட்டுவிடலாம்" என்றேன்? ஒவ்வொரு முறையும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிடுவீர்கள். நான் வராமல் என்ன செய்ய?

மாத்திரை பாதிதான், மீதி பேச்சில் இருக்கிறது என்று கவுன்சலரிடம் அனுப்பினார்கள். தூக்கத்தையும் மனநிலையையும் தினமும் எழுத நோட்டு அவர் கொடுத்ததுதான். ஏறப்போகிறது என்பதற்கு வீட்டார் என்ன அடையாளம் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் உங்களைக் கேட்டார். நீங்கள் விரல் மடக்கிச் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். விடியுமுன்னே வீடு கழுவுவாள். யாரும் கேட்காமல் முறுக்குச் சுடுவாள். என்னைப் பேச விடமாட்டாள். மூன்றாவது எப்போதும் இருப்பதுதானே என்று நான் சொன்னதும் கவுன்சலர்கூடச் சிரித்துவிட்டார்.

காத்திருக்கும் அறையில் "பாவாயி!" என்று கூப்பிட்டதும் நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவீர்கள். நான் தாங்கிப் பிடிப்பது போல உள்ளே வருவேன். என்ன நடிப்பு! திரும்பும்போது புதுப் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு தட்டுவடை செட் தின்றுவிட்டு, அதையும் வீட்டில் சொல்லமாட்டோம்.

ஆனால் அந்த நடிப்புக்கு நீங்கள் கொடுத்ததை நான் மறக்கவில்லை. உங்கள் தம்பி மகன் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அத்தை நீங்கள், சீர்த்தட்டோடு முன்னால் போக வேண்டியவர். உங்கள் தம்பி சம்சாரம் தட்டை வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டு, நாத்தனார் உங்களைக் காட்டி, "நங்கையாளுக்கு நரம்பு சரியில்லீங், எங்காச்சும் உழுந்துட்டா?" என்றார். பெண்கள் எல்லோரும் உங்களைப் பாவமாகப் பார்த்தார்கள். நீங்கள் கூட்டத்தில் என்னைத் தேடி, வாயைத் திறக்காதே என்று கண்ணாலேயே சொன்னீர்கள். நானும் திறக்கவில்லை. ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

நீங்கள் திடுதிப்பென்று போய்விட்டீர்கள். கருமாதி முடிந்து உறவுகள் கிளம்பிய பிறகு டப்பாவைத் திறந்தால் நாலு நாளைக்குத்தான் மாத்திரை. டோக்கன் போடுவது எப்போதும் நீங்கள்தானே. இரண்டு நாளாகத் தூக்கம் குறைந்திருந்தது. அன்று விடியுமுன்னே வீட்டைக் கழுவிவிட்டு வாளியோடு நின்றபோது உங்கள் முதல் விரல் கண்ணுக்கு முன்னால் மடங்கியது. பயந்துவிட்டேன், அத்தை.

உங்கள் மகனிடம் டோக்கன் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்பா பேருல போட்டுக்கலாமா புள்ள?" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். உங்கள் பிள்ளை என்பதில் சந்தேகமே வேண்டாம். "போதுமுங்க. இந்த ஊட்டுல இனி ஒருத்தரு பேரும் கெட வேண்டாம்" என்றேன்.

தனியாகத்தான் பஸ் ஏறினேன். கவுண்டர் பெண் என் முகத்தைப் பார்த்ததும் பழக்கத்தில் "பாவாயி" என்று எழுதினாள். "அவங்க தவறிட்டாங்கம்மா. பேஷன்ட் நான்தான்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நம் ஊர்க்காரர் ஒருவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அவருக்கு அவர் கவலை. கூப்பிட்டதும் எழுந்தேன். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் கை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கியது. டாக்டரம்மா மாத்திரையைச் சரிசெய்து கொடுத்தார். ஒரு வாரத்தில் தூக்கம் திரும்பிவிட்டது.

போன வாரம் உங்கள் தம்பி சம்சாரம் வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே, "பாவம், நங்கையா அந்த நரம்பு நோவுலயே போய்ச் சேந்துட்டாங்க" என்றார். இந்த முறை வாயை மூடச் சொல்ல நீங்கள் இல்லை.

"அத்தைக்கு ஒரு நோவும் இல்லீங் சின்னம்மா. நோவு என்னுது. பேரு மட்டுந்தான் அவுங்களுது. அன்னைக்கு அந்தத் தட்ட அவுங்க கையிலயே குடுத்திருக்கலாம்."

எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக்கூட எடுத்துக் காட்டினேன். அவர் டம்ளரை வைத்துவிட்டு வாசல் கேட் வரைக்கும் போனார். அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பாதி மஞ்சள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தார்.

"எங்க சின்னவன் மூணு மாசமா படுத்தே கெடக்கறான், காட்டு வேலைக்கே வரமாட்டீங்கறான். அதுக்கு முன்னால உன்னையாட்டந்தான், தூங்காம கொள்ளாம ஒரே ஓட்டம். நாங்க சந்தோசப்பட்டுட்டு இருந்தோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்த டாக்டரம்மாகிட்ட ஒரு டோக்கன் போட்டுக் குடு சாமி. என்ற பேருலயே போட்டுரு."

அத்தை, எனக்கு உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவரைத்தான் கட்டிப்பிடித்தேன்.

"வேண்டாஞ் சின்னம்மா. அவன் பேருலயே போடலாம். நானும் கூட வாரேன்" என்றேன்.

வியாழக்கிழமை போகிறோம். படுத்ததையும் பறந்ததையும் இரண்டையும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவன் பாதியில் விட்டுவிடலாம் என்றால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நிற்பேன். என் மாத்திரையை ஒருநாளும் விடமாட்டேன். மீதிச் சுவருக்கும் பெயின்ட் அடித்துவிடுவேன். ஒரே நாளில் இல்லை, தினம் கொஞ்சமாக, சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. உங்கள் பெயரை, பட்ட பழியெல்லாம் துடைத்து, உங்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் பெயருக்குப் பின்னால் ஏழு வருடம் பத்திரமாக இருந்த மருமகள்,
சுமதி