மகன் பேரில் வெட்டிய கிணறு

வெள்ளிக்கிழமை, இரவு இஷா தொழுகைக்குப் பிறகு.

எனக்கு எழுத்து வராது. வழமைபோல் நான் சொல்ல, மனைவி எழுதுகிறாள்.

மௌத்தாகி எங்களை விட்டுப்போன மகனின் பேரில் சதக்காவாக, தர்மமாக வெட்டிய கிணற்றை இன்று சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு பிள்ளை வந்து சோதித்தாள். தண்ணீரில் நனைத்த வெள்ளைக் காகிதப் பட்டை சிவந்தது. இன்னொன்றை நனைத்தாள். அதுவும் சிவந்தது.

“ஈயம் இருக்கு வாப்பா. கைகால் கழுவலாம். குடிக்க மட்டும் வாணாம்.”

ஊர் குடிக்கும்வரை மகனுக்கு நன்மை போய்ச் சேரும் என்றுதான் வெட்டினோம். முதல் வாளியில் குடித்தவர்களின் முகங்கள்கூட எனக்கு மறக்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டு ஹலீமா வந்து குடத்தை நிரப்பினாள். விஷயத்தைச் சொன்னேன்.

“தேன் மாதிரித் தண்ணி! கடுதாசிக்கு என்ன தெரியும் நானா?” என்று சிரித்தாள்.

“உன்ட புள்ளையளுக்குக் குடுக்காத” என்று குடத்தை வாங்கிக் கவிழ்த்தேன். அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். வாளியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தேன்.

அதை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டு இப்போதுதான் கேட்கிறாள்: “தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழு எடுக்க வாறவங்களுக்கு வாளி வேணுமே?”

ஓம், வேண்டும். நாளைக்குத் திரும்பக் கட்ட வேண்டும். கட்டிவிட்டு, அதில் ஒருவரும் குடித்துவிடாமல் நானே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.