மற்றப் பொட்டலம்

2-3-2009, திங்கள்

வேலும் மயிலும் துணை.

வெயில் இப்போதே முதுகைச் சுடுகிறது. இன்று தண்ணீர் முறை. ஆறு மணிக்கு வந்து அரை மணியில் நின்றுவிட்டது. டிரம், அண்டா, குடம் எல்லாம் நிறைத்தாயிற்று. கேஸுக்குப் பதிய வேண்டும். உளுந்து ஊறப் போட மறதி.

கவிதா ஆபீஸிலிருந்து வந்ததும் பையை சோபாவில் எறிந்தாள். எறிகிற பெண் இல்லை. காபி கொடுத்து மெதுவாகக் கேட்டேன். மாதாப்பூரில் அவள் கம்பெனிக்கு பெங்களூரிலிருந்து ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். இனி புரோகிராம் எழுதுவதற்கு முன்னாலேயே அதைச் சோதிக்கிற டெஸ்டை எழுத வேண்டுமாம். முதலில் கேள்வித்தாள், பிறகுதான் பாடம். அதற்கென்று ஆறு பேரில் ஒரு புது குரூப். மற்றவர்கள் பழையபடி ரவியின் கீழ். க. மூன்று வருஷமாக ரவி குரூப்பில்தான்.

அமெரிக்காவில் விழுந்த அடியில் இங்கே இருக்கிற வேலை ஒரு குரூப்புக்குத்தான் காணும். இந்த மாசத்துக்குள் கிளையன்ட் இரண்டு குரூப்பின் வேலையையும் பார்ப்பார். ஒன்றை வைத்துக்கொள்வார். மற்றது வீட்டுக்கு.

எந்தப் பக்கம் என்று க. அடுத்த திங்களுக்குள் சொல்ல வேண்டும்.

"நீ என்னட்டி நெனைக்கே?"

"தெலீதும்மா. நக்கோ, இப்ப ஒண்ணும் கேக்காத." தெரியாது, வேண்டாம் என்பதெல்லாம் அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சில்தான் வரும்.

வீட்டு லோன் அவள் பேரிலும் இருக்கிறது. இவுகளுக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். முருகா.


3-3-2009, செவ்வாய். கிருத்திகை

விரதம். பால், இரண்டு வாழைப்பழம். தலை லேசாகக் கிறுகிறுப்பு.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவுக்கும் மகளுக்கும் சண்டை. இவுக பாலாநகரில் ஏரோப்பிளேன் பாகம் செய்கிற ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன். அடுத்தவர் செய்ததைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதே வாழ்நாள் வேலை.

"செஞ்சவனே சோதிச்சுக்கிடுததா? தானே கேள்வி எழுதி, தானே பதில் எழுதி, தானே மார்க்கு போட்டுக்கிடுத மாதிரில்லா இருக்கு. எங்க ஃபேக்டரியில இப்படிச் செஞ்சா ஏரோப்பிளேன் ஏறும், எறங்காது."

"மார்க்கு நான் போடலப்பா, மெஷின் போடுது. தப்புன்னா அதே நிமிஷம் மூஞ்சியில அடிக்கும்."

"அப்ப என்னை மாதிரி ஆளு எதுக்கு?"

"நீங்கதான் ரிட்டயர் ஆகப் போறீங்களே."

இவுக மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்கள். க. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சொன்னது அவளுக்கே சுட்டிருக்க வேண்டும்.


4-3-2009, புதன்

ரவி எனக்கே போன் பண்ணினார். நல்ல பிள்ளை, ஒருமுறை வந்து என் கையால் சொதி சாப்பிட்டிருக்கிறார். தெலுங்கில் பேசினார், நான் தமிழில் எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, நீங்களாவது சொல்லுங்க அவளுக்கு. இது ரெண்டு வருஷ ஃபேஷன். பெல்பாட்டம் மாதிரி, வரும், போகும். கிளையன்ட் காசு குடுக்கறது வேலைக்கு. டெஸ்டுக்கு இல்ல. ஒரு வேலையை ரெண்டு தடவை எழுதிட்டிருந்தா எப்ப முடிக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. க.விடம் சொன்னேன்.

"அவர் சொன்ன மாதிரி அவசரமா முடிச்சுத்தான் டிசம்பர்ல ஒரு எடத்தைச் சரி பண்ணப் போய் மூணு எடம் உடைஞ்சுது. சனி ஞாயிறு ஆபீஸ்ல யாரு உக்காந்தா? ரவியா, நானா?"

அதுவும் உண்மை. அந்த மார்கழி முழுக்க ஒரு நாள்கூட அவள் கோயிலுக்கு வரவில்லை.

மாலை: பால்காரர் நாளைக்கு வரமாட்டார். பாக்கெட் வாங்கி வைத்தேன்.


5-3-2009, வியாழன்

நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷ் பேப்பர் பார்த்து வந்தது, தெலுங்கு பஸ் போர்டு பார்த்து வந்தது. க. கொண்டுவந்த தாள்களை மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். எழுத்து தெரிகிறது, ஒன்றும் ஏறவில்லை.

சாயங்காலம் அவளையே கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் கணக்குத் தொடங்க வந்தால் விடக் கூடாது, இது டெஸ்ட். இன்னும் புரோகிராம் எழுதவில்லை. ஓட்டினாள். சிவப்புக் கோடு. பிறகு இரண்டு வரி எழுதி மறுபடி ஓட்டினாள். பச்சை.

"செவப்பு வந்தப்ப ஏன் உன் மொகம் தெளிஞ்சுது?"

"மொதல்ல செவப்பு வரணும்மா. அப்பத்தான் அது நெஜமாச் சோதிக்குதுன்னு தெரியும். எதைக் குடுத்தாலும் பச்சை காட்டுற டெஸ்ட் எதுக்கு? அது சும்மா ஆமாஞ்சாமி."

இதை இவ்வளவு ஆசையாகச் சொல்கிறவள் அங்கேதான் போவாள் என்று தோன்றியது. லோன் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.


7-3-2009, சனி

காய்: முருங்கை, கத்தரி, சின்ன வெங்காயம் (அழுகல் அதிகம், கேட்டு மாற்றி வாங்கினேன்). புது சிலிண்டர் வந்தது.

க. நகத்தைக் கடித்து ரத்தம் வரவைத்திருக்கிறாள். விளக்கேற்றும்போது பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நீ பூப் போட்டுப் பாப்பியே. எனக்கும் பாரு. மண்டை வேலை செய்யல."

இருபத்தைந்து வயதில் முதல் தடவையாகக் கேட்கிறாள். சாமி படத்துக்குக் கீழே விழுந்து கும்பிடக்கூட இழுத்து வர வேண்டிய பெண். நாளைக்குக் காலை பார்ப்போம் என்றேன்.


8-3-2009, ஞாயிறு, காலை

குளித்துவிட்டுச் செடியில் பறித்தேன். செவ்வரளி வந்தால் புது குரூப். நந்தியாவட்டை வந்தால் ரவி குரூப். ஒரே அளவு வெற்றிலை இரண்டு, ஒரே மடிப்பு, ஒரே நூல்.

இதை எழுதத்தான் வேண்டும். முருகன் ரவி குரூப் என்றுதான் சொல்வான். கல்யாணமாகி இந்த லோத்குண்டாவுக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவன். ஆனால் கை தவறி க. மற்றதை எடுத்துவிட்டால்? அந்தத் தவறுக்குத்தான் இடம் கொடுக்கவில்லை. அவன் வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கினேன், அவ்வளவுதான்.

இரண்டிலும் நந்தியாவட்டைதான்.


அதே நாள், மத்தியானம்

இன்னும் உலை வைக்கவில்லை.

இவுக மார்க்கெட் போயிருந்த நேரம். க. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். நான் பிரித்தேன். வெள்ளை. "பாத்தியா, முருகன் சொல்லிட்டான், ரவிகிட்டயே இரு" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. படத்தடியில் கிடந்த மற்றப் பொட்டலத்தையே பார்த்தாள்.

"அதையும் பிரிம்மா."

"அதைப் பிரிக்கக் கூடாது. அப்படியே செடிக்கடியில போட்டுரணும்."

"யாரு சொன்னா?"

"பெரியவங்க."

"பிரிச்சுட்டுப் போடலாம்."

சந்தேகப்பட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. இந்த ஒரு வாரத்தில் அவளுக்கு வந்த பழக்கம், அப்படித்தான் கை நீண்டது. நூலை அவிழ்த்தாள். வெற்றிலை விரிந்தது.

அதிலும் வெள்ளை. மதிலுக்கு அந்தப் பக்கம் ராணுவ மைதானத்தில் விசில் சத்தம் மட்டும்.

"செவப்பே வர வழியில்லாம வச்சிருக்கே" என்றாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"ஒன் நல்லதுக்குத்தான்ளா."

"தெரியும். அதான் கஷ்டமா இருக்கு."

விளக்கு அணைந்திருந்தது. திரும்ப ஏற்றப் பயம்.


9-3-2009, திங்கள்

ஆபீஸிலிருந்தே சொல்லிவிட்டாளாம், புது குரூப் என்று. ராத்திரி இவுகளுக்குத் தெரிந்தது.

"உங்க அம்மா பூப் போட்டாளே, என்ன வந்துச்சு?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"செவ்வரளிப்பா" என்றாள்.

"அப்ப சரி. சாமி சொன்னா நான் என்ன சொல்ல?" இவுக சாப்பிட ஆரம்பித்தார்கள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருக்கலாம்.


14-3-2009, சனி

க. ஒரு வாரமாகச் சீக்கிரம் போய் இருட்டித் திரும்புகிறாள். என்னோடு பேச்சு: "டிபன் வேண்டாம்", "சாவி எங்க", "தூங்கு". வேறில்லை.

மொட்டை மாடியில் யாரிடமோ போனில்: "அவங்க நாப்பது ஸ்க்ரீன் காட்டுவாங்கப்பா, நம்மகிட்ட இருபதுதான் இருக்கு. ஆனா இருபதும் உடையாம நிக்கும்."

நிற்கட்டும். கோயிலுக்குப் போனேன், உள்ளே போகாமல் வெளிப் பிரகாரம் மட்டும் சுற்றி வந்தேன். என்ன முகத்தோடு கேட்பது?


19-3-2009, வியாழன்

போய்விட்டது.

பகலிலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள். மேஜையில் வைத்திருந்த காபிக் கப், ஒரு ஸ்வெட்டர், அவ்வளவுதான் கையில்.

கிளையன்ட் முன்னால் இரண்டு குரூப்பும் காட்டினார்களாம். ரவி குரூப்பினுடையது நடுவில் ஒரு தடவை முடங்கிப்போனது. ரவி ஒரு ஜோக் அடித்து, அணைத்துப் போட்டு, மறுபடி காட்டினார். புது குரூப்பினுடையது ஒரு இடத்திலும் முடங்கவில்லை. ஆனால் காட்டுவதற்குப் பாதிதான் இருந்தது. கிளையன்ட் நிறைய இருந்ததை எடுத்துக்கொண்டார். பெங்களூர்க்காரருக்கு பெங்களூரிலேயே வேறு வேலை தயாராம். ஆறு பேருக்கும் கடிதம்.

முகம் கழுவிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள்: "நீ வச்ச பூ சரியாத்தான் சொல்லிச்சு. போ, சந்தோஷப்படு."

அறைந்திருந்தால் தேவலை.

இவுக வந்தார்கள். கேட்டார்கள். உட்கார்ந்தார்கள். "கவலப்படாதட்டி. செவ்வரளி வந்துதுல்லா, அவன் சொல்லித்தானே போன. இதுலயும் ஏதோ வச்சிருப்பான்."

அதற்கு மேல் தாங்கவில்லை. "செவ்வரளி வரல. ரெண்டுலயும் வெள்ளைதான் இருந்துச்சு. நான்தான் வச்சேன்" என்றேன்.

இவுக என்னைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள்.

"ஆயுசு பூரா ஊரான் சரக்கத் திருப்பித் திருப்பிப் பாத்து சீல் வச்சேன். வீட்டுக்குள்ள கோட்டை விட்டுட்டேனே."

க. சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். நானும்.


25-3-2009, புதன்

தினம் அவள் லேப்டாப்பும் போனும். இரண்டு இடத்தில் கூப்பிட்டுப் பேசினார்கள்.

ஒரு இடத்தில் முதல் கேள்வியே, டெஸ்டை முதலில் எழுதுவீர்களா என்று. ஆமாம் என்றதும் அங்கேயே உட்கார்த்தி எழுத வைத்தார்கள். பிடித்திருக்கிறது, ஆனால் இப்போது ஆள் எடுக்கவில்லை, ஜூனில் பார்ப்போம் என்று அனுப்பிவிட்டார்கள்.

இன்னொரு இடத்தில் இவளே அந்தப் பேச்சை எடுத்தாளாம். "அதுக்கெல்லாம் எங்களுக்கு டைம் எங்கம்மா இருக்கு" என்று சிரித்துவிட்டார்களாம்.

இவுக: "அப்ப இது வேணுமா, வேண்டாமா?"

"அஞ்சு வருஷத்துல இது தெரியாதவங்களை யாரும் எடுக்க மாட்டாங்கன்னு பெங்களூர்க்காரர் சொன்னார்."

"அஞ்சு வருஷம் வரைக்கும் சோறு யாரு போடுவா? அவரா?"

"நீங்கதான்."

"அதுவுஞ் சரிதான்."

சிரித்தோம். ஆனாலும் இவுக இரண்டு நாளாகத் தூங்கவில்லை, புரள்கிற சத்தம் கேட்கிறது. எனக்குத் தெரியவில்லை யார் சொல்வது சரி என்று. ரவியும் ஜெயித்தார். இவள் செய்ததும் உடையாமல் நின்றது.


27-3-2009, வெள்ளி. உகாதி

பக்கத்து வீட்டிலிருந்து பச்சடி வந்தது. வேப்பம்பூ தூக்கல். க. முகம் சுளிக்காமல் முழுவதும் குடித்தாள். அவர்கள் வீட்டம்மா, "பாப்பாக்கு லீவா?" என்று கேட்டார். "ஹவ் ஆன்ட்டி, ஆமா, பெரிய லீவு" என்றாள் க.


29-3-2009, ஞாயிறு

நேற்று ரவி க.வைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் குரூப்பில் ஒரு பையன் ஆஸ்திரேலியா போகிறான். இடம் காலி. திங்களே வரலாம், பழைய சம்பளம். ஒரே நிபந்தனை: டெஸ்ட் கிஸ்ட் என்று மறுபடி ஆரம்பிக்கக் கூடாது, பையன்களையும் கெடுக்கக் கூடாது. க. யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். இவுக "போயிருட்டி" என்றார்கள். என்னைக் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றேன். மனசு முழுக்கப் போ, போ என்றுதான் இருந்தது.

இன்று காலை அவள் தலைக்குக் குளிக்கிறாள். சோபாவில் அவள் போன் அடித்தது. ரவி.

"ஆன்ட்டி, பதில் சொல்லாம இருக்கா. மத்தியானத்துக்குள்ள நான் பேர் குடுக்கணும். அந்த இடத்துக்கு நாலு பேர் நிக்கறாங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் குடுத்துடறேன். அப்புறம் நீங்க சொன்னா அவ தட்ட மாட்டா."

தட்ட மாட்டாள்தான். எனக்குத் தெரியும். சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். லோன், இவுகளுடைய சர்வீஸ், ஜூன் எவ்வளவு தூரம், எல்லாம் ஒரே சமயத்தில்.

"அவ குளிச்சிட்டு வரட்டும் பாபு. அவகிட்டயே கேளுங்க. போனை வச்சிராதீங்க."

பாத்ரூம் கதவைத் தட்டினேன். ஈரத் தலையோடு வந்தாள். போனைக் கொடுத்துவிட்டு, அவள் ரூம் கதவை வெளியிலிருந்து நானே சாத்தினேன். ஒரு சொல் காதில் விழக்கூடாது என்று மாடிக்குப் போய்விட்டேன். துணி ஒன்றும் காயவில்லை, இருந்தாலும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே வந்தாள்.

"நாளைக்குப் போறேன்."

"ரவி சொன்னதுக்கு ஒத்துக்கிட்டியா?"

"நான் எழுதுறதுக்கு டெஸ்ட் எழுதுவேன்னேன். இல்லாட்டி வேற ஆளைப் பாத்துக்கங்கன்னேன்."

"அவரு?"

"பாதி ஒத்துக்கிட்டார்."

எது பாதி என்று நான் கேட்கவில்லை.