ஆப்பிள் பெட்டியில் அடித்த முதல் அட்டை

அன்பு மகன் ஜீவனுக்கு,

கிள்ளானில் நானும் அம்மாவும் சுகம், மழைதான் விடாமல் கொட்டுகிறது. மெல்பர்னில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு வேண்டியது.

நீ உன் நண்பன் தனேஷிடம் கொடுத்தனுப்பிய ஆப்பிள் கம்ப்யூட்டர் பத்திரமாக வந்தது. பழைய விண்டோஸ் பெட்டிக்கு இனி பாதுகாப்பு இல்லை, அழைப்பிதழ் அட்டைக் கடையை நம்பித்தானே இருக்கிறீர்கள், மாறிடுங்கப்பா என்று நீ ஒரு வருடமாகச் சொல்லியும் நான் விலை, திரை என்று சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மை என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரத்தோடு நின்ற இந்த விரல்கள் புதுப் பெட்டியில் திரும்புமா, வாடிக்கையாளர் முன்னால் அசடு வழிவேனா என்ற பயம்தான். ஆயுத பூசையன்று அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தாள், சரியாகக் கேமரா ஓட்டையில். அன்று வீடியோவில் கூப்பிட்டபோது உனக்கு என் முகம் தெரியாததற்கு அதுதான் காரணம், லைன் சரியில்லை என்று நான் அளந்துவிட்டேன். பழசு பக்கத்தில் இருந்தால் கை அங்கேதான் போகும் என்று வீராப்பாக, பழைய அட்டைகளையெல்லாம் புதுசில் ஏற்றிவிட்டு, அந்தப் பெட்டியைப் பந்திங் ஊரிலிருக்கும் மலர்விழி அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்பியும் விட்டேன். ஏற்றியதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அனுப்பிய மறுநாள் கடை திறந்ததும் பண்டமாரானிலிருந்து லோகன் வந்தான், போர்ட்டில் லோரி ஓட்டுகிற பையன். அவன் அம்மா தவறிவிட்டார்களாம், கருமக்கிரியை அட்டை அன்று மாலையே வேண்டும். மாதிரிக்குப் பழைய அட்டை ஒன்றைத் திறந்தேன், தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தாக இறைந்து கிடந்தது. நம் பழைய தமிழ் ஃபாண்ட் எழுத்து அந்தப் பெட்டியோடு பந்திங் போய்விட்டது போலிருக்கிறது. அச்சடிக்கிற சுகுமாறன் எட்டிப் பார்த்து, என்ன பொஸ், வெள்ளைக்காரனுக்கா அட்டை அடிக்கிறீங்க என்றான், பிறகு லோகன் முகத்தைப் பார்த்ததும் என் கிட்டே வந்தான். வேன எடுத்துக்கிட்டுப் போயி பழசத் தூக்கிட்டு வரவா என்று மெதுவாகக் கேட்டான். தலையாட்டத்தான் இருந்தேன். அதற்குள் லோகன் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, மெதுவா அடிங்க அங்கிள், எங்கம்மாவுக்கு இனிமே என்ன அவசரம் லா என்றான். அதற்குமேல் எப்படிடா எழுந்து ஓடுவது. நீ சொல்லிக்கொடுத்தபடி புதுத் தமிழ் எழுத்தை எடுத்து, ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தேன். நான் தடுமாறும்போதெல்லாம் அவனும் குனிந்து தேடினான். தனலெட்சுமி என்ற அவன் அம்மா பெயரை அடித்து முடிப்பதற்குள்ளேயே காப்பி ஆறிப்போனது. அட்டை வந்ததும் நெடுநேரம் பார்த்தான். பேரு தெளிவா இருக்கு அங்கிள், அப்பா கண்ணாடி இல்லாமலே படிச்சிடுவாரு என்றான். நான் பிரிண்டரில் பேப்பர் சரிசெய்வது போலத் திரும்பிக்கொண்டேன்.

பந்திங்குக்கு வேன் போகவில்லை ஐயா, இனியும் போகாது. பழைய அட்டைகளை ஆட்கள் வர வரப் புதிதாக அடித்துக்கொள்கிறேன்.

இரவு வேலை முடிந்து குளிரில் நடக்காதே. அம்மா தந்த மிளகுத்தூளை அலமாரியிலேயே வைத்திருக்காமல் ரசம் வைத்துச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, இப்போது என் முகம் தெரியும். எந்தக் குறையும் இல்லாமல் நீ நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனியப்பன்