செடிக்குப் போடாத உரம்

ஓசூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஜோதிமணிக்கு அப்பா திம்மப்பன் ஆசையோடு எழுதுவது. இங்கே நான் நலம், உன் அம்மா செல்லி நலம், அவளுடைய வலது முட்டி மட்டும் மழை வந்தால் நலமில்லை. புனேயில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அம்மா அதைப் பிடுங்கி நாற்பது வார்த்தை சொல்லிவிடுகிறாள். போன செவ்வாய்க்கிழமையும் அதுதான் நடந்தது. "உங்கப்பா கம்பெனி உரத்த எடுத்து மாட்டிக்கினாரு பாப்பா" என்று இவள் இங்கே அழ, நீ அங்கே அழ, நான் நடுவில் காபி டம்ளரோடு நின்றேன். அவள் சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

ஆயுத பூஜைக்கு உன்னைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனபோது முன்கேட்டில் குரோட்டன்ஸ் வரிசை பார்த்தாயே, அதையெல்லாம் போன ஐப்பசியில் பிடுங்கிவிட்டு ஆஸ்திரேலியாப் பூச்செடி வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பெங்களூர்ப் பக்கத்து நர்சரியிலிருந்து நாற்பத்தெட்டு செடி வேனில் வந்து இறங்கியது, கூடவே நர்சரிக்கார அருணா மேடமும் வந்தார். ஒவ்வொரு செடியின் கழுத்திலும் ஒரு அட்டை, நம் ஆள்கள் மாட்டுகிற கார்டு போலவே. ஒன்றின் பெயர் மூன்லைட், ஒன்றின் பெயர் பீச்சஸ் அண்ட் கிரீம், குட்டையாக இருந்த பாட்டில் பிரஷ் செடிக்கு லிட்டில் ஜான். என் கார்டில் கான்ட்ராக்ட் என்பது பெரிய எழுத்து, திம்மப்பன் என்பது சின்ன எழுத்து. ஜானுக்குப் பெயரே பெரிய எழுத்தில் இருந்தது. மேடம் கன்னடத்தில் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இவை காட்டில் தானாக முளைத்தவை இல்லையாம், தோட்டக்காரர்கள் இரண்டு வகையைச் சேர்த்து, வந்ததில் நல்லதைப் பொறுக்கியெடுத்த ரகமாம், விதை போட்டால் குணம் மாறிவிடும் என்று குச்சி வெட்டி வெட்டியே பெருக்குகிறார்களாம், அதனால் உலகத்தில் எங்கே இருந்தாலும் மூன்லைட் அத்தனையும் ஒரே மூன்லைட்தானாம். மூன்லைட்டும் பீச்சஸும் கிரெவில்லியா என்கிற இனமாம், அதன் இலையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, கெலமங்கலம் பக்கம் வரப்போரம் நிற்கிற சில்வர் ஓக்குக்கு இது சொந்தம். சொன்னேன், மேடத்துக்கு ஒரே சந்தோஷம். அதன் சொந்த ஊர் மண்ணில் சத்து கிடையாது, பட்டினியிலேயே பழகின வேர், மணிச்சத்து என்கிற பாஸ்பரஸைக் காட்டினால் அளவு தெரியாமல் குடித்துவிட்டுச் செத்துப்போகும், அந்தச் சத்தே நிறைந்த டி.ஏ.பி. உரத்தைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லி, அதையே இங்கிலீஷில் ஒரு தாளில் எழுதி ஹரீஷ்குமார் சார் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹரீஷ்குமார் சார் எங்கள் தோட்டம், கேன்டீன், கக்கூஸ் மூன்றுக்கும் அதிகாரி. விருதுநகர்ப் பக்கம், உன்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், மனசில் கள்ளமில்லாதவர், ஆனால் ஆடிட் என்று யாராவது சொன்னால் ஏசியிலும் வேர்க்கும். அவர் அந்தத் தாளை மடிப்புக் கலையாமல் ஃபைலில் வைத்தார். வைத்ததோடு சரி. மறுநாள் குரோட்டன்ஸ் காலத்துப் பழைய செக்லிஸ்ட்டையே தூக்கிக்கொண்டு வந்தார், பத்து நாளைக்கு ஒரு தடவை செடிக்கு ஒரு பிடி டி.ஏ.பி., போட்டதும் கையெழுத்து. "சார், இதுக்கு உரம் ஆவாது சார், அந்தம்மா சொல்லிட்டுப் போச்சே" என்றேன். "அண்ணே, லிஸ்ட்ல இருக்குண்ணே, கட்டம் காலியா இருந்தா என்னையக் கேப்பாங்கண்ணே" என்றார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது, இரண்டு தடவை போட்டேன். கேட்டை ஒட்டி இருந்த நாலு கிரெவில்லியா ஓரமெல்லாம் கருகி, நெருப்பில் காட்டின மாதிரி ஆகி நின்றபடியே செத்தது. வேனில் வந்த அலைச்சலாக இருக்கும் என்றார் சார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை கண்ணு. மீதி நாற்பத்துநாலின் அடியிலும் உட்கார்ந்து கரையாமல் கிடந்த உரக் குருணையைக் கையாலேயே பொறுக்கி எடுத்தேன்.

அதற்கப்புறம் என்ன செய்தேன் என்றால், பத்து நாளைக்கு ஒரு தடவை உரத்தை வாங்குவேன், கட்டத்தில் 'போட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன், நேராகக் கேன்டீன் பின்பக்கம் போவேன். அங்கே கேன்டீன் மாஸ்டர் கிருஷ்ணப்பன் காலியாகக் கிடந்த மண்ணில் நாலு வரிசை தக்காளி வைத்திருந்தார். உரம் போட்டதென்னவோ உண்மை, எங்கே என்று கட்டத்தில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாசியில் முன்கேட்டைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மூன்லைட் சாண் நீளத்துக்கு வெண்ணெய் நிறத்தில் கதிர் விட்டது. பீச்சஸ் அண்ட் கிரீம் ஒரே கொத்தில் மஞ்சளும் ரோஸும். பூவைத் தொட்டால் விரலில் தேன் ஒட்டும், தேன்சிட்டு ஷிப்ட் போட்டு வந்தது. ஷிப்ட் முடிந்து வருகிற பெண்பிள்ளைகள் பஸ்ஸை நிற்கவைத்துவிட்டு செல்ஃபி எடுத்தார்கள். பின்பக்கத் தக்காளியோ என் கைமுட்டி அளவு. இரண்டு லைன் ஆள்கள் வீட்டுச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கிருஷ்ணப்பனின் ரசத்துக்கு வந்து நின்றார்கள். நானும் அவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாலே சிரிப்போம்.

சிரிப்பு எங்கே நின்றது என்றால், வைகாசியில் எங்கள் தோட்டத்துக்குத் தலைமை ஆபீஸில் முதல் பரிசு கொடுத்தார்கள். ஹரீஷ் சார் கேடயத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டு லட்டு கொடுத்தார். "எல்லாம் நம்ம செக்லிஸ்ட்தாண்ணே. கிருஷ்ணகிரி யூனிட்லயும் இதே செடி வச்சிருக்காங்க, ரெண்டு மாசம் முந்தியே நம்ம லிஸ்ட்ட அனுப்பிட்டேன்" என்றார். கடித்த லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். அங்கே அறுபது செடி. ரெண்டு மாசம் என்றால் ஆறு தடவை உரம். என் குறும்பு அறுபது உயிரைக் குடித்திருக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. முடியவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் முகம் மூன்லைட் நிறத்துக்கு வந்தது. "நான் மேல சொல்லியே ஆகணும்ணே" என்றார். சொன்னார். கார்டை வாங்கிக்கொண்டு விசாரணை முடிகிறவரை வராதே என்றார்கள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தவனை உன் அம்மா வாசலில் பார்த்தாள், மறு நிமிஷம் உனக்குப் போன்.

வியாழக்கிழமை விசாரணை. ஆலைக்கே தலைவரான பெரிய சார், ஹெச்.ஆர்.காரர், ஹரீஷ் சார், நான். பெரிய சார் ரிஜிஸ்டரைப் புரட்டி, "இத்தன கையெழுத்தும் பொய்தானே?" என்றார். "பொய்யில்ல சார். போட்டேன்னுதான் எழுதினேன், செடிக்குப் போட்டேன்னு எழுதல" என்றேன். ஹெச்.ஆர்.காரர் இருமினார், அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். பெரிய சார் சிரிக்கவில்லை. "அப்ப அந்த நாலு செடி எப்படிச் செத்துச்சு?" என்றார். "நான்தான் சார் போட்டேன், லிஸ்ட்டுல இருந்துச்சு" என்றேன், வேறு யாரையும் சொல்லவில்லை. அப்போது ஹரீஷ் சார் எழுந்து நின்றார் கண்ணு. ஃபைலிலிருந்து அருணா மேடம் எழுதின தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "முத நாளே எங்கிட்ட இருந்துச்சு சார். நான் படிக்கல. அண்ணன் வாயாலயும் சொன்னார், நான் கேக்கல. கேடயம் எனக்கு வேண்டாம் சார்" என்றார். பேசாமல் இருந்திருந்தால் பழி முழுக்க என் தலையில் போயிருக்கும், அவர் பரிசோடு இருந்திருப்பார். அந்தப் பிள்ளையைப் பெற்றவள் நல்லா இருக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை, கார்டு திரும்ப வந்தது. தக்காளிச் செடியைப் பிடுங்க வேண்டாம் என்றார்கள், ஆனால் இனி அதற்கும் ஒரு செக்லிஸ்ட் உண்டு.

மறுநாள் ஹரீஷ் சாரும் நானும் கம்பெனி வேனில் கிருஷ்ணகிரிக்குப் போனோம், செத்ததை எண்ண. அங்கே இறங்கிப் பார்த்தால் அறுபதும் நின்றது, ஒரு இலை கருகவில்லை, பாதி மொட்டு விட்டிருந்தது. சார் ஆபீஸுக்குள் ஓடினார். தோட்டத்து சரசம்மாவிடம் லிஸ்ட்டைக் கேட்டேன். ஆறு கட்டத்திலும் கைநாட்டு. "இவ்ளோ உரம் போட்டுமா நிக்குது?" என்றேன். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். "யாருகிட்டயும் சொல்லாதண்ணா. மொத நாளு ஒரே ஒரு செடிக்குப் போட்டுப் பாத்தேன், மூஞ்சி சுருங்கிச்சி, எடுத்துட்டேன். மீதியெல்லாம் பம்ப் ரூம் பின்னால கொத்தமல்லிக்கு" என்றாள். வேனில் ஏறும்போது என் மடியில் ஒரு கட்டுக் கொத்தமல்லி. எப்படிண்ணே அத்தனையும் பிழைத்தது என்று ஹரீஷ் சார் கேட்டார். "அந்த மண்ணு வேற சார்" என்றேன். அவர் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சூளகிரி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்புறம் மெல்ல, "பாதிக் கட்டு எனக்குண்ணே" என்றார்.

இதை உன் அம்மாவிடம் சொல்லிவிடாதே, சரசம்மாவின் வேலை போய்விடும். நீ வண்டியில் போகும்போது ஹெல்மெட் போடு, ராத்திரி ஷிப்ட் என்றால் வெறும் பிஸ்கட்டில் காலம் தள்ளாதே. உன் கம்பெனியில் கையெழுத்துப் போடும்முன் படித்துப் பார்த்துப் போடு, அப்பா மாதிரி யோசித்துப் போடாதே. முனீஸ்வரன் உனக்குத் துணை இருப்பார், நீ நினைத்தது கைகூடி நீண்ட நாள் நல்லா இரு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்திருக்கும் அப்பா,
கெ. திம்மப்பன்