கதவு வைக்காத அறை

மார்ச் 4, செவ்வாய்

அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கி மாடியிலிருந்து போட்டால் என்ன? மகளுக்குப் பதிமூன்று வயது. வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிற ஏதோ ஒரு கேம் ஆடுகிறாள். பொம்மை விளையாட்டுதானே என்று விட்டிருந்தேன். இன்று அவள் மேசையில் டீயை வைக்கும்போது திரையில் என்னைப் பார்த்தேன். என்னையேதான்! சாம்பல் நிற யூனிஃபார்ம், கொண்டை, மூக்கில் இறங்கிய கண்ணாடி. அறையில் அடுப்பு இருக்கிறது, இரண்டு கட்டில் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர். கதவு இல்லை.

“என்னடி இது?”

“சும்மா கேம்மா” என்று மூடிவிட்டாள்.

மார்ச் 5

ஹோட்டலில் நாள் முழுக்க மாஸ்டர் கீ கார்டை வைத்துக்கொண்டு ஊரார் அறைகளையெல்லாம் திறந்து சுத்தம் செய்கிறேன். பெற்ற மகள் என்னைக் கதவே இல்லாமல் அடைத்து வைத்திருக்கிறாள். ஆத்திரத்தில் இழுத்ததில் ஒரு விரிப்பு கிழிந்தது. மேனேஜர் வழக்கம்போல, “இன்னிக்கும் டபுள் ஷிஃப்ட் பாத்துடுங்கம்மா” என்றார். வாய் தானாக “சரி சார்” என்றது. இந்த வாயைத் தைக்க வேண்டும்.

மார்ச் 6

அக்காவிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவளுக்குச் சிரிப்பு. “பொம்மைக்கா இவ்வளவு கோவம்? என் பசங்களும் அப்படித்தான். ஆளை அடைச்சு வச்சு, எப்ப சாகுதுன்னு பாப்பாங்க.”

ஆறுதல் சொல்ற லட்சணம்! நான் சாகணுமா? யாருக்காக இடுப்பொடிய ஓடுறேன்? அவ அப்பா விட்டுட்டுப் போனப்பகூட எனக்கு இப்படி எரியல.

மார்ச் 7

பேசவில்லை. அவளும் பேசவில்லை. தட்டை ணங்கென்று வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

எனக்கு விடுமுறை. அவள் பள்ளிக்கூடம் போனதும் கேமைத் திறந்தேன். தட்டுத்தடுமாறி, எதையெதையோ அமுக்கி, அந்தச் சுவரில் ஒரு கதவை வைத்தேன். வாடி வெளியே, என்றேன்.

வந்தாள். வந்த வேகத்தில் பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்ற வண்டியில் ஏறிப் போயே போய்விட்டாள். வேலைக்காம்! அப்புறம்தான் கவனித்தேன் — இரண்டாவது கட்டிலில் ஒரு சின்னப் பொம்மை, மகள் வீட்டில் போடும் அதே சிவப்புச் சட்டையோடு. எழுந்து கதவுவரை ஓடி, நின்று, அழுதது.

“ஏய், நில்லுடி! புள்ள அழுவுது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டியா? அப்படி என்னடி வேலை உனக்கு?” என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். போனவளைத் திரும்பக் கூப்பிட எந்தப் பட்டன் என்று தெரியவில்லை. யார்மேல் இத்தனை கோபம்?

சாயங்காலம் வந்து பார்த்த மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். “கதவை ஏம்மா வச்ச? இனி அவங்க டபுள் ஷிஃப்ட் முடிச்சுட்டுத்தான் வருவாங்க.”

நான் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

மார்ச் 12

ஷிஃப்ட் முடிந்து நேராக வீடு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மேனேஜர் போன். ஆள் வரலியாம், திரும்பி வரணுமாம்.

“முடியாது சார்.”

“ஏம்மா, என்ன ஆச்சு?”

“வீட்ல கதவு இல்ல சார்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். காலையில் கத்துவார், கத்தட்டும்.

உள்ளே மகள் சிரிப்பது கேட்டது.